மாதம் ஒரு டாலர் மனை: நியூயார்க் பவரி தோட்டம் நிலைத்த கதை

1974 ஏப்ரல் 23 அன்று நியூயார்க் நகர வீட்டுவசதித் துறை ஒரு காலி மனையைக் குத்தகைக்கு விட்டது. பவரி தெருவும் ஹவுஸ்டன் தெருவும் சந்திக்கிற இடத்தில் வடகிழக்கு முனை. வாடகை மாதத்துக்கு ஒரு டாலர். எடுத்தவர்கள் பணக்காரர்கள் அல்லர், அந்த வட்டாரத்தில் குடியிருந்த சாதாரண மனிதர்கள். அதற்கு முன்பே, 1973இல், அவர்கள் அந்த மனைமேல் கண் வைத்துவிட்டார்கள். அப்போது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அக்கம்பக்கத்தார் கூடித் தெருவைச் சுத்தம் செய்து செடி வைத்த கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். எல்லாக் கதையும் முதல் நாளோடு முடிந்துவிடும். கையுறை, மண்வெட்டி, வரிசையாக அடுக்கிய குப்பை மூட்டைகள், சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்த படம். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் எப்படி இருந்தது, ஐந்து வருஷம் கழித்து யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பவரி தோட்டத்தை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். அதற்கு ஐம்பது வருஷத்துக்கும் மேல் வயது. முதல் நாள் என்பது அதில் ஒரே ஒரு நாள். மற்ற நாட்களை எப்படிக் கடந்தது என்று பார்க்கலாம். பார்த்தவரையில் என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட இடங்களைக் காப்பாற்றியவை ஒரு காகிதமும் ஒரு கதவும்தான்: நிலத்தின் மேல் என்ன உரிமை இருக்கிறது என்று சொல்லும் காகிதம், வெளியாட்களுக்குத் திறக்கும் கதவு.

மனை எப்படிக் காலியானது

பவரி என்ற பெயரே பண்ணையிலிருந்து வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டில் மன்ஹாட்டன் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது அங்கே அவர்களுடைய பண்ணைகள் இருந்தன. டச்சு மொழியில் பண்ணைக்கு உள்ள பழைய சொல் திரிந்து பவரி ஆனது. 1970களில் அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் பண்ணை நினைவுக்கு வந்திருக்காது. மலிவான படுக்கை விடுதிகள், வீடற்றவர்கள், குடித்துவிட்டு நடைபாதையில் கிடப்பவர்கள், இதுதான் பவரி.

அதைச் சுற்றியிருந்த லோயர் ஈஸ்ட் சைடு அப்போது இடிந்துகொண்டிருந்தது. வருமானம் வராத கட்டடங்களை உரிமையாளர்கள் பராமரிக்காமல் விட்டார்கள், பிறகு வரி கட்டுவதையும் நிறுத்தினார்கள். பல கட்டடங்கள் தீப்பற்றி எரிந்தன. வரி பாக்கிக்காகச் சொத்து நகராட்சியிடம் வந்து சேர்ந்தது. நகராட்சியிடமோ பணம் இல்லை. 1975இல் நியூயார்க் நகரமே திவாலாகும் விளிம்புக்குப் போனது. எரிந்த கட்டடத்தை இடித்துத் தள்ளுவதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியவில்லை. இப்படித்தான் வரிசையான வீடுகளுக்கு நடுவே விழுந்த பற்களைப் போலக் காலி மனைகள் தோன்றின. காலி மனை என்று ஒன்று உண்டானால் அங்கே குப்பை தானாக வந்து சேரும். ஒருவர் ஒரு உடைந்த நாற்காலியைப் போடுவார். மறுநாள் அதன் பக்கத்தில் மெத்தை கிடக்கும். ஒரு வாரத்தில் அது குப்பைமேடு என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

இதைத் தனிப்பட்டவர்களின் ஒழுக்கக்கேடாகப் பார்ப்பது தவறு. உரிமையாளர் கைவிட்டார், நகராட்சி கைவிட்டது, குப்பை லாரிக்காரர்களும் அதைக் கைவிட்ட இடமாகவே நடத்தினார்கள். தெருவில் மிச்சம் இருந்தவர்கள் குடியிருந்தவர்கள் மட்டும்தான்.

வேலிக்கு வெளியே நின்றவர்கள்

லிஸ் கிறிஸ்டி ஓர் ஓவியர், பக்கத்திலேயே மாட் தெருவில் குடியிருந்தவர். 1973இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து ‘கிரீன் கெரில்லாஸ்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பசுமைக் கொரில்லாப் போராளிகள் என்று பொருள். அவர்களுடைய முதல் வேலை வேலிக்கு வெளியே நின்று செய்வது. விதை, உரம், ஈரம் மூன்றையும் பலூன்களிலும் பழைய கிறிஸ்துமஸ் அலங்கார உருண்டைகளிலும் அடைத்து, பூட்டிக் கிடந்த மனைகளுக்குள் வேலிக்கு மேலாக எறிந்தார்கள். அகலமான சாலைகளின் நடுத்திட்டில் சூரியகாந்தி விதைத்தார்கள். ஆளில்லாத கட்டடங்களின் சன்னல் விளிம்புகளில் பூத்தொட்டி வைத்தார்கள்.

விதையெறிவது பெயர் வாங்கித் தந்தது. இன்றைக்கும் அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த விதை உருண்டைகளைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் எறிந்த விதைக்கு யார் தண்ணீர் விடுவது, முளைத்ததை யார் மிதிக்காமல் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. வேலிக்கு வெளியே இருக்கிறவரைக்கும் அவர்கள் வந்து போகிறவர்கள்தான். பவரி முனையைக் குறிவைத்தபோதுதான் அவர்கள் உள்ளே இறங்கித் தங்கும் முடிவுக்கு வந்தார்கள்.

குப்பைக்குக் கீழே மண் இல்லை

காலி மனையில் தோட்டம் போடுவது என்றதும் குப்பையை அள்ளிவிட்டு மண்ணைக் கொத்தினால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். நகரத்தில் கட்டடம் இடிந்த இடத்தில் அப்படி இருக்காது. கட்டடத்தை இடிக்கும்போது சுவரையெல்லாம் அதன் நிலவறைக்குள்ளேயே தள்ளி மூடிவிடுவது அந்த நாள் வழக்கம். மேலே கிடக்கும் டயர், மெத்தை, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திய பிறகு மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ‘ணங்’ என்று செங்கல்லில் இடிக்கும். செங்கல், சுண்ணாம்புக் காரை, கண்ணாடிச் சில்லு, குழாய்த் துண்டு. இதுதான் நிலம். எத்தனை அடி கொத்தினாலும் இதுதான்.

அதனால் தன்னார்வலர்கள் மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். குப்பையை அகற்றினார்கள், மேல்மண் கொட்டினார்கள், சுற்றிலும் வேலி போட்டார்கள். முதலில் 60 மேட்டுப்பாத்திகள் அமைத்துக் காய்கறி போட்டார்கள். மரங்களும் பூச்செடி வரிசைகளும் அதற்குப் பின்தான் வந்தன. குத்தகைப் பத்திரத்தில் வைத்த பெயர் ‘பவரி ஹவுஸ்டன் சமுதாயப் பண்ணையும் தோட்டமும்’. முந்நூறு ஆண்டுகள் கழித்து அந்தத் தெருவுக்கு அதன் பழைய பொருள் திரும்பி வந்தது என்பதை அவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, எனக்கு அதைப் படிக்கும்போது மனசு நிறைகிறது.

மேட்டுப்பாத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று இந்த வேலையில் இறங்குகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் இருக்கிறது. பழைய நகரத்து மண்ணில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயம் கலந்த பெயின்ட் அடிப்பதை 1978இல்தான் நாடு முழுவதும் தடை செய்தார்கள். வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் 1996இல்தான் முழுக்க நின்றது. இடிந்த சுவரின் பெயின்ட்டும் பல பத்தாண்டு வாகனப் புகையும் அந்த மண்ணில் இறங்கிக் கிடக்கின்றன. ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல, எத்தனை வருஷமானாலும் அங்கேயே இருக்கும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதில் அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணில் எச்சரிக்கைக்கு உரிய ஈய அளவைப் பத்து லட்சத்தில் 400 பங்கிலிருந்து 200 பங்காக 2024 ஜனவரியில்தான் குறைத்தது. ஐம்பது வருஷத் தோட்ட அனுபவத்துக்குப் பிறகும் அளவுகோல் மாறிக்கொண்டிருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. செடி உறிஞ்சுகிற ஈயத்தைவிட, செடியோடும் கையோடும் ஒட்டி வருகிற மண்ணில் இருக்கிற ஈயம்தான் பெரிய ஆபத்து. அதனால் தக்காளி போன்ற காய்களைவிடக் கீரையிலும் கிழங்கிலும் கவனம் அதிகம் வேண்டும். பழைய மண்ணின் மேல் துணி விரித்து, அதன் மேல் பலகை அடித்து, சுத்தமான மண்ணையும் மக்கு உரத்தையும் நிரப்பினால் அபாயம் வெகுவாகக் குறைகிறது. நடைபாதையில் மரத்தூளோ மரச்சில்லோ பரப்பினால் புழுதி எழும்பாது. உள்ளே விளையாடிய பிள்ளைகள் கை கழுவிவிட்டுப் போக வேண்டும். இவையெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஆனால் சுத்தம் செய்கிற உற்சாகத்தில் இவற்றைத் தள்ளிவைத்தால், நல்லது செய்யப்போய்ப் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர்கள் ஆவோம். மண் பரிசோதனைக்கு முன் ஒரு விதைகூடப் போடக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது தண்ணீர். காலி மனைக்குக் குழாய் இணைப்பு இருக்காது. நியூயார்க் தோட்டக்காரர்கள் தெருவோரத் தீயணைப்புக் குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். அதற்கு நகராட்சி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தக் கனத்த இரும்புக் குழாயில் பொருத்தித் திருக ஒரு தனிச் சாவி, சாதாரண ரப்பர் குழாயை மாட்ட ஓர் இணைப்பு, நடைபாதையைத் தாண்டி ரப்பர் குழாயை இழுக்க ஓர் ஆள், யாரும் தடுக்கி விழாமல் பார்க்க இன்னோர் ஆள். கோடையில் இதை வாரம் பல முறை செய்ய வேண்டும். குப்பை அள்ளும் நாளுக்கு ஐம்பது பேர் வருவார்கள். ஆகஸ்ட் மாத வெயிலில் ரப்பர் குழாய் இழுக்கிற நாளுக்கு இரண்டு பேர் வருகிறார்களா என்பதை வைத்துத்தான் அந்தத் தோட்டத்தின் எதிர்காலத்தைச் சொல்ல முடியும்.

பெயர் வாங்கியவர்களும் வாங்காதவர்களும்

குத்தகை கிடைத்த பிறகு பவரி முனை ஒரு பள்ளிக்கூடம் மாதிரி ஆனது. எந்தச் செடி இந்தக் கடுமையான இடத்தில் தாக்குப்பிடிக்கும் என்று அங்கே நட்டுப் பார்த்தார்கள். பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். நாற்றும் தண்டுக் குச்சிகளும் மற்ற வட்டாரங்களுக்குப் போயின. 1978இல் நகராட்சியே ‘கிரீன்தம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, காலி மனைகளைக் குடியிருப்பவர்களுக்குப் பெயரளவு வாடகைக்குக் கொடுத்தது. அது இன்று 500க்கும் மேற்பட்ட தோட்டங்களுக்குத் துணை நிற்கிறது. கேட்காமல் நுழைந்தவர்கள் தொடங்கிவைத்ததை ஐந்தே வருஷத்தில் நகராட்சி தன் திட்டமாக எடுத்துக்கொண்டது.

ஆனால் இந்த வரலாற்றைக் கிரீன் கெரில்லாஸ் குழுவோடு மட்டும் முடிப்பது நியாயம் இல்லை. லோயர் ஈஸ்ட் சைடிலும் நகரின் வடபகுதியான பிராங்ஸிலும் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பங்கு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். அந்தத் தீவின் கிராமங்களில் நிலத்தோடு வளர்ந்தவர்கள் அவர்கள். காலி மனையில் மரப்பலகையால் ‘கசீத்தா’ என்ற சிறு வீடு ஒன்றைக் கட்டுவார்கள். முன்பக்கம் திண்ணை போன்ற தாழ்வாரம், பளிச்சென்ற வண்ணம், சுற்றிலும் கொஞ்சம் செடி, கோழி. முதியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், சனி ஞாயிறுகளில் மேளம் கேட்கும். அவர்களுக்கு அது தோட்டம் மட்டும் அல்ல, விட்டு வந்த ஊரின் ஒரு துண்டு. விதை உருண்டை எறிந்தவர்களைப் போல அவர்களைப் பத்திரிகைகள் தேடிப் போகவில்லை. எந்த வட்டாரத்திலும் முதலில் மண்வெட்டி எடுப்பவர்கள் யார் என்று பார்த்தால், ஆள் சேர்த்து அறிக்கை விடுகிறவர்களுக்கு முன்பே ஒரு பாட்டியோ ஒரு தாத்தாவோ தன் வாசலில் நாலு செடி வைத்திருப்பார். அவரைக் கேட்காமல் தொடங்கும் முயற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கதவு

சேர்ந்து செய்கிற தோட்டத்தில் சண்டை வருவதற்கு இரண்டு பொருள்கள் போதும்: தண்ணீர்க் குழாய், கதவுச் சாவி. உழைத்தவர்களிடம் சாவி இருப்பது இயல்பு. பாத்தியில் விளைந்ததை யாரோ பறித்துக்கொண்டு போனால் வயிறு எரியும், பூட்டு வலுக்கும். கொஞ்ச நாளில் வேலிக்கு வெளியே நடந்துபோகிறவர்களுக்கு அது ‘அவங்க தோட்டம்’ ஆகிவிடும். அப்புறம் அந்த இடத்துக்கு ஆபத்து வரும்போது அவர்கள் ஏன் வந்து நிற்க வேண்டும்?

நியூயார்க்கில் நகராட்சிப் பூங்காத் துறையின் நிலத்தில் இருக்கும் தோட்டங்களுக்கு ஒரு விதி உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். திறக்கும் நேரம் வேலியில் எழுதித் தொங்க வேண்டும். அந்த 20 மணி நேரமும் யாராவது ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும். முறை போட்டுக்கொண்டு வந்து உட்கார ஆள் வேண்டும். பத்துப் பேர் இருக்கிற குழுவில் மூன்று பேருக்கு உடம்பு சரியில்லை, இரண்டு பேர் ஊரில் இல்லை என்றால் மீதிப் பேர் திணறிப்போவார்கள். தோட்டக்காரர்களுக்கு இது பெரிய சுமை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்த விதி சரியானது. கதவு திறந்திருந்தால்தான் புதிய ஆள் உள்ளே வருவார். சும்மா பார்க்க வந்தவர் அடுத்த வாரம் ஒரு பாத்தியில் களை பிடுங்குவார். இருபது வருஷம் கழித்துத் தண்ணீர் விடப்போகிறவர் அப்படி வந்து சேர்ந்தவராகத்தான் இருப்பார்.

வேலியே வேறு மாதிரி இருக்க முடியும் என்பதற்கு ஃபிலடெல்ஃபியாவைப் பார்க்க வேண்டும். அங்கே பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் நடத்துகிற திட்டத்தில் காலி மனையைச் சுத்தம் செய்து, சமப்படுத்தி, புல் விதைத்து, சில மரங்கள் நடுகிறார்கள். சுற்றிலும் இடுப்பளவு உயரத்துக்கு மரக்கம்பு வேலி, நடுவே நடந்து நுழைய இடைவெளி. பூட்டு இல்லை. அந்த வேலி யாரையும் தடுக்காது, ஆனால் ‘இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது’ என்று சொல்லிவிடும். லாரியை உள்ளே விட்டுக் குப்பை கொட்டவும் முடியாது.

இந்தத் திட்டத்தை ஆய்வாளர்கள் மருந்தைச் சோதிப்பது போலவே சோதித்தார்கள். 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் முழுச் சீரமைப்பு, இன்னொன்றில் குப்பை அகற்றி முடிந்த இடத்தில் புல் வெட்டுவது மட்டும், மூன்றாவதில் ஒன்றும் செய்யவில்லை. 2018இல் முடிவுகள் வெளிவந்தன. சீரமைத்த மனைகளுக்கு அருகில் குடியிருந்தவர்களில் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னவர்கள், ஒன்றும் செய்யாத பகுதிகளோடு ஒப்பிட்டால் 41.5 சதவீதம் குறைந்திருந்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. குப்பை அகற்றியதோடு நிறுத்திய மனைகளின் அருகில், மனநலத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை.

அந்தக் கடைசி முடிவில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். நாம் அள்ளிக்கொண்டு போனதும் அந்த இடம் மறுபடியும் காலியாகத்தான் இருக்கிறது. கைவிடப்பட்ட இடம் என்பது மாறவில்லை. புதிய புல்லும் மரமும் வேலியும் வந்ததைக் கண்ணால் பார்த்தால்தான் தெருவில் இருக்கிறவர்களின் மனசு மாறுகிறது. இந்த மனைகளைச் சீரமைத்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அக்கம்பக்கத்தார் தாங்களே செய்யும்போது பலன் கூடுமா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை.

காகிதம்

நல்லது நடந்தால் அதற்கு ஒரு விலையும் வரும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தோட்டங்களை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, தோட்டம் திறந்தபின் சுற்றிலும் ஆயிரம் அடிக்குள் இருக்கும் சொத்துகளின் மதிப்பு உயர்கிறது என்று காட்டியது. மிக ஏழ்மையான பகுதிகளில் ஐந்து ஆண்டுக்குள் அந்த உயர்வு 9.4 சதவீதப் புள்ளிவரை போனது. வீடு சொந்தமாக வைத்திருப்பவருக்கு நல்ல செய்தி. வாடகைக்கு இருப்பவருக்கு அப்படி இல்லை. தாங்கள் குப்பை அள்ளி அழகாக்கிய தெருவில் தங்களாலேயே குடியிருக்க முடியாத நிலை வரலாம். நகராட்சியின் கண்ணுக்கோ, யாரும் சீண்டாத மனை திடீரென்று விற்கக்கூடிய மனையாகத் தெரியும்.

1986 ஜனவரியில் லோயர் ஈஸ்ட் சைடில் ‘ஈடன் தோட்டம்’ என்று பெயர்பெற்ற வட்டவடிவத் தோட்டத்தை வீட்டுவசதித் திட்டத்துக்காக நகராட்சி இடித்தது. 1990களில் மேயர் ருடால்ஃப் ஜூலியானியின் நிர்வாகம் தோட்ட மனைகளை விற்கத் தீர்மானித்தது. எதிர்ப்பு எழுந்தபோது, கம்யூனிச யுகம் முடிந்துவிட்டது என்ற பொருளில் 1999 ஜனவரியில் அவர் வானொலியில் பேசினார். அந்த மே மாதம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஏலத்துக்கு வர இருந்தன. ஏலத்துக்கு முந்தின நாள்தான் பேரம் முடிந்தது. பொதுநிலங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளையும், பாடகி பெட் மிட்லர் தொடங்கிய நியூயார்க் ரெஸ்டரேஷன் ப்ராஜெக்ட் அமைப்பும் சேர்ந்து அவற்றை 42 லட்சம் டாலருக்கு வாங்கின. வெறும் குப்பைமேடாக இருந்தவரை யாரும் கேட்காத மனைகள். அவற்றின் மதிப்பை உயர்த்தியதில் தோட்டக்காரர்களின் உழைப்புக்கும் பங்கு உண்டு, கடைசியில் அந்த மதிப்பைக் கொடுத்துத்தான் அவற்றை மீட்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை. கிழக்கு 7ஆம் தெருவில் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் இருபது வருஷத்துக்கு மேல் பராமரித்த எஸ்பெரான்சா தோட்டம் இருந்தது. எஸ்பெரான்சா என்றால் நம்பிக்கை. அதைக் காப்பதற்காக, போர்ட்டோ ரிக்கோவின் செல்ல உயிரான ‘கோக்கி’ மரத்தவளையின் வடிவில் ஆள் உட்காரக்கூடிய பெரிய கூடாரம் ஒன்றைத் தோட்ட முகப்பில் கட்டி, குளிர்காலம் முழுக்க முறை வைத்து அதற்குள் காவல் இருந்தார்கள். 2000 பிப்ரவரி 15 காலையில் போலீஸும் புல்டோசரும் வந்தன. தங்களைப் பிணைத்துக்கொண்டவர்களின் சங்கிலிகளை அறுத்து, அவர்களை அப்புறப்படுத்திவிட்டுத் தோட்டத்தை இடித்தார்கள். அதே நாளில் தோட்டங்களை இடிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எஸ்பெரான்சாவுக்கு அது சில மணி நேரம் பிந்திவிட்டது.

2002இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் நகராட்சிக்கும் மாநில அரசு வழக்கறிஞருக்கும் உடன்பாடு ஏற்பட்டு, நூற்றுக்கணக்கான தோட்டங்கள் பாதுகாப்பு பெற்றன. பவரி தோட்டமும் நிலைத்தது. அதன் பக்கத்தில் புதிய குடியிருப்புக் கட்டடங்கள் எழும்பின, தோட்டமும் இருக்கிறது. வீடா தோட்டமா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எப்போதும் உண்மை அல்ல என்பதற்கு அந்த முனை சாட்சி.

ஆனால் அந்தக் கேள்வி நேர்மையானது. ஏழைகளுக்கு வீடு வேண்டும் என்று சொல்கிறவர்களை எதிரிகளாக நினைக்கக் கூடாது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் எலிசபெத் தெருத் தோட்டத்தில் இதே தகராறு பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. நகராட்சிக்குச் சொந்தமான அந்த மனையில் முதியோருக்குக் குறைந்த வாடகையில் 123 வீடுகள் கட்டத் திட்டம். 1990களின் தொடக்கத்தில் உருவான அந்தத் தோட்டத்துக்குள் போக முன்பெல்லாம் பக்கத்துக் கலைப்பொருள் கூடத்தின் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. வீட்டுத் திட்டம் தெரியவந்த பிறகு, 2013இல்தான், தன்னார்வலர்கள் கதவை எல்லோருக்கும் திறந்தார்கள். அதன் பிறகு சேர்ந்த கூட்டம்தான் அந்தத் தோட்டத்துக்காகப் போராடியது. 2025 ஜூனில் நகர நிர்வாகம் வேறு இடங்களில் வீடு கட்டுவதாகச் சொல்லி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கதவு முன்பே திறந்திருந்தால், வீடும் தோட்டமும் சேர்ந்து இருக்க வழி உண்டா என்று அண்டை அயலார் எல்லோரும் உட்கார்ந்து பேச இருபது வருஷம் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் படித்துவிட்டுத் தங்கள் தெருவில் ஒரு மூலையைப் பார்த்து வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். முதலில் அந்த மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கிடைக்கிற அனுமதி ஒரு வருஷத்துக்கா, நான்கு வருஷத்துக்கா, எத்தனை நாள் அவகாசத்தில் காலி செய்யச் சொல்ல முடியும் என்று எழுத்தில் வாங்குங்கள். பவரியின் ஒரு டாலர் குத்தகையும் நிரந்தர உரிமை தரவில்லை. ஆனால் கேட்காமல் நுழைந்தவர்கள் என்ற நிலையிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் என்ற நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது அதுதான். பிற்பாடு வாதாட நின்றபோது காலூன்ற அந்த இடம் இருந்தது.

லிஸ் கிறிஸ்டி 1985இல் காலமானார். அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் அதில் வேலை செய்தது சுமார் 12 ஆண்டுகள்தான். அவர் இல்லாமல் நடந்தது 40 ஆண்டுகள். உள்ளே மீன்களும் ஆமைகளும் இருக்கும் ஒரு குளம், பழ மரங்கள், திராட்சைப் பந்தல், கூடவே நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு டான் ரெட்வுட் மரம். அந்த மர இனத்தைப் புதைபடிவங்களாக மட்டுமே அறிந்திருந்தார்கள், 1940களில்தான் சீனாவில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். செங்கல் சல்லி மேல் கொட்டிய மண்ணில் நட்ட அது இன்று மன்ஹாட்டனின் உயரமான டான் ரெட்வுட்களில் ஒன்று. வேலியில் திறக்கும் நேரம் எழுதியிருக்கிறது. அந்த நேரத்துக்குத் தோட்டக்காரர்களில் யாராவது ஒருவர் சாவியோடு வந்து கதவைத் திறந்து வைக்கிறார்.